பதினைந்து பவுண்டு, 117 டிகிரி: ஒரு மலை மருத்துவமனையின் ஆறாத துளைகள்

பிப்ரவரி கடைசி வாரத்தில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் தொழிலாளி எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். டிசம்பரில் எங்களிடம் பித்தப்பைக் கல்லுக்காக, வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தையல் பிரித்தபோது நான்கு துளைகளும் சுத்தமாக ஆறியிருந்தன. இப்போது தொப்புளை ஒட்டிய தழும்பின் அடியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அதன் உச்சியில் ஊசிமுனை போல ஒரு துவாரம். அழுத்தினால் தண்ணீராகச் சீழ் வந்தது. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. இலை பறிக்கும்போது செடியின் ஈரம் படாமலிருக்க இடுப்பில் கட்டிக்கொள்ளும் படுதாவின் கயிறு உரசித்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவரே ஒரு காரணம் வைத்திருந்தார். நாங்களும் அதை நம்பத் தயாராகவே இருந்தோம். மருந்து வைத்துக் கட்டி, ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பினோம்.

பத்து நாள் கழித்து அதே கட்டியோடு திரும்பி வந்தார். இப்போது துவாரம் இரண்டு.

நான் அந்த மருத்துவமனையில் செவிலியர். வார்டு வேலையோடு தொற்றுத் தடுப்புப் பொறுப்பும் என்னுடையது. பொறுப்பு என்றால் அப்போது ஒரு பதிவேடும் ஒரு சுவரொட்டியும் என்று பொருள். மருத்துவமனை உதகமண்டலத்தை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முப்பது படுக்கை, ஒரு ஆபரேஷன் தியேட்டர். லேப்ராஸ்கோப்பி செய்யும் அறுவை மருத்துவர் சமவெளியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை மலையேறி வருவார். ஒரே நாளில் மூன்று அல்லது நான்கு அறுவை முடித்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார். கருவித் தொகுதி ஒன்றுதான் இருந்தது. இந்தக் கதையில் பாதி அந்த ஒற்றைத் தொகுதியில்தான் அடங்கியிருக்கிறது.

நால்வர்

ஒரு காயம் சீழ் பிடிப்பது செய்தியல்ல. ஆறிய காயம் ஆறு வாரம் கழித்து விழித்துக்கொள்வதுதான் உறுத்தியது. தியேட்டர் பதிவேட்டை எடுத்து, டிசம்பர் தொடக்கத்திலிருந்து நான்கு சனிக்கிழமைகளில் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட 13 பேருக்கும் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினேன். இரண்டு எண்கள் அணைந்திருந்தன. ஒருவரை அவர் ஊர் மளிகைக் கடைக்காரர் மூலமாகப் பிடித்தேன்.

காரட் பயிரிடும் விவசாயி ஒருவர் ஜனவரி கடைசியிலிருந்து ஊரில் உள்ள டாக்டரிடம் இரண்டு முறை ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சீழோடு வாழப் பழகியிருந்தார். எங்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். அறுவடை நேரம், பஸ்ஸுக்கு ஒரு நாள் போய்விடும் என்றார். இன்னொருவர் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போன இடத்தில் கட்டியைக் காட்டியிருக்கிறார். அங்கே சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்து, அமிலத்தில் கழுவியும் சிவப்புச் சாயம் போகாத குச்சி வடிவக் கிருமிகளைப் பார்த்துக் காசநோய் என்று முடிவு செய்திருந்தார்கள். மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம், கட்டி குறையவில்லை. நான்காமவர் தனக்கு ஒன்றுமில்லை என்றார். வைக்கப்போகும் நேரத்தில், "தழும்பு கொஞ்சம் கல்லாட்டம் இருக்கிறது, அது பரவாயில்லைதானே சிஸ்டர்?" என்று கேட்டார்.

மூவர் மூன்று கதவுகளைத் தட்டியிருந்தார்கள், நான்காமவர் எதையும் தட்டவில்லை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இருந்தவருக்கு அது ஒரே ஒரு நோயாளி. மலையில் தொற்றுப் பரவல் கண்ணில் படாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அறுவைக்குப் பிந்தைய பரிசோதனை ஒரு வாரத்தோடு முடிந்துவிடுகிறது; அதன் பிறகு நோயாளி சரிவின் இந்தப் பக்கம் இறங்குவாரா, அந்தப் பக்கம் இறங்குவாரா என்பதைப் பஸ் நேரம் தீர்மானிக்கிறது.

சீழ் மாதிரிகளைக் கோயம்புத்தூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். காசநோய்க் கிருமி, ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் தலைகாட்ட வாரக்கணக்கில் ஆகும். இது ஏழாம் நாளுக்குள் வளர்ந்துவிட்டது. வேகமாக வளரும் மைக்கோபாக்டீரிய வகை, பெயர் மைக்கோபாக்டீரியம் அப்சஸஸ். காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு, சாயத்தில் அதே நிறம். ஆனால் காசநோய் மாத்திரைகளில் பெரும்பாலானவை இதை ஒன்றும் செய்யா. இது மனிதரிடமிருந்து தொற்றிய கிருமியாக இருக்க வாய்ப்புக் குறைவு. தண்ணீரிலும் மண்ணிலும் குழாயின் உட்புற வழவழப்பிலும் குடியிருப்பது. அது வயிற்றுத் துளைக்குள் போயிருந்தால், ஏதோ ஒரு கருவியின் மேல் ஏறித்தான் போயிருக்கவேண்டும்.

வரிசை எண்

முதலில் எல்லாரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். தையல் நூலாக இருக்கலாம் என்றார் மருத்துவர். நிலைய மருத்துவர் தோலைச் சுத்தம் செய்யும் திரவத்தைச் சொன்னார். தியேட்டர் உதவியாளர் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். இருபது வருடமாகக் கருவி கழுவுகிறவர். விரல் கடைசியில் எங்கே திரும்பும் என்று அவருக்குத் தெரியும். அன்று மாலை அவரிடம் போய், குற்றவாளியைத் தேடவில்லை, தண்ணீர் நடந்த பாதையைத் தேடுகிறேன் என்றேன். அவர் முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் எல்லாவற்றையும் மறைக்காமல் செய்து காட்டினார். அதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

13 பேரையும் ஒரு தாளில் எழுதினேன்: வயது, அறுவை, நாள், மருத்துவர், மயக்கமருந்து, நூல். எதிலும் பிடி கிடைக்கவில்லை. அன்றைய பட்டியலில் எத்தனையாவது ஆள் என்று ஒரு கட்டம் சேர்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையின் முதல் நோயாளியும், ஆக நான்கு பேரும், நலம். கட்டி வந்த நால்வருமே இரண்டாவதாகவோ அதற்குப் பிறகோ மேசையில் ஏறியவர்கள்.

இதை வைத்துத் துள்ளிக் குதிக்க முடியாது. இரண்டாவதும் அதற்குப் பிந்தியவர்களும் 9 பேர். நால்வரும் அந்த 9 பேருக்குள் விழுவது வெறும் தற்செயலாகவே ஏறக்குறைய ஆறில் ஒரு தடவை நடக்கும். பகடை உருட்டி ஒன்று விழுவது போல. ஆனாலும் எங்கே நின்று பார்க்கவேண்டும் என்பதைக் கட்டம் காட்டிவிட்டது: முதல் அறுவைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் உள்ள அரை மணி நேரம்.

பக்கத்து அறை

லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் வெள்ளிக்கிழமை இரவே 2 சதவீத குளுட்டரால்டிஹைடு திரவத்தில் ஊறப் போடப்படும். காலையில் எடுக்கும்போது 10 மணி நேரத்துக்கு மேல் ஊறியிருக்கும். சில கிருமிகள் தங்களைக் காத்துக்கொள்ள எடுக்கும் உறுதியான வடிவமான வித்துகளையும் கொல்ல அந்தத் திரவத்துக்கு அவ்வளவு நேரம் வேண்டும். முதல் நோயாளி முடிந்ததும் அதே கருவிகளைக் கழுவி, அதே திரவத்தில் 20 நிமிடம். 20 நிமிடம் என்பது உயர்நிலைக் கிருமி நீக்கத்துக்கான கணக்கு. அகநோக்கிக் குழாய்கள் போன்ற, சளிச்சவ்வை மட்டும் தொடும் கருவிகளுக்குப் பொருந்துவது. நுண்ணுயிரியலாளர் எர்ல் ஸ்பால்டிங் 1968இல் வகுத்துக் கொடுத்து இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படும் பகுப்பின்படி, கிருமியற்ற உடலறைக்குள் நுழையும் கருவி முழுமையாகக் கிருமி நீக்கப்பட்டிருக்கவேண்டும். வயிற்றுக்குள் போகும் லேப்ராஸ்கோப் அந்த முதல் வகையைச் சேர்ந்தது. இரண்டு அறுவைகளுக்கு நடுவே 20 நிமிட ஊறலோடு நிறுத்திக்கொள்வது எங்கள் கண்டுபிடிப்பல்ல. ஒரே தொகுதி வைத்திருக்கும் சிறிய மருத்துவமனைகளில் கைமாறி வந்த பழக்கம்.

அந்த 20 நிமிடத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. திரவம் 20 டிகிரி வெப்பத்திலாவது இருக்கவேண்டும். குளிரில் அதன் வீரியம் குறையும். திரவம் ஊற்றிய எங்கள் தட்டு எங்கே இருந்தது? குளுட்டரால்டிஹைடின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். ஊழியர் நலனுக்காக, போன வருடம் நானே சொல்லி, தட்டைப் பக்கத்து அறையின் திறந்த ஜன்னலடிக்கு மாற்றியிருந்தோம். புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படியும் மாதங்களில், ஜன்னலடியில். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, அறுவைகள் எல்லாம் நிறுத்தப்பட்டிருந்த நேரத்தில், காலை எட்டு மணிக்குத் தட்டில் வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். 12 டிகிரி. டிசம்பரில் எவ்வளவு இருந்திருக்கும் என்று யூகிக்க எனக்கு விருப்பமில்லை.

மூடியில் தேதி எழுதியிருந்தது. 14 நாள் தாண்டவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஈரம் சொட்டும் கருவிகள் உள்ளே போகும்போது திரவம் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துக்கொண்டே வரும். செறிவைக் காட்டும் சோதனைத் தாள் எங்களிடம் இருக்கவில்லை.

அண்ணன் பிடிகருவி ஒன்றை எடுத்துக் காட்டினார். பழைய மாடல், பிரித்துக் கழற்ற முடியாதது. குழாயின் பின்முனையில் சிரிஞ்சால் நீரைப் பீய்ச்சினேன். முதல் இரண்டு தடவை தெளிவாக வந்தது. மூன்றாவது தடவை காப்பித்தூள் நிறத்தில் ஒரு துணுக்கு விழுந்தது. உறைந்த இரத்தம். எந்த நோயாளியுடையது என்று யாருக்கும் தெரியாது. அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து அழுக்கைத்தான் தொடும். குளுட்டரால்டிஹைடு அந்த இரத்தத்தைக் கருவியோடு இன்னும் இறுக்கமாக ஒட்ட வைத்துவிடும்.

ஊறலிலிருந்து எடுத்த கருவியைக் கடைசியாகக் கொதித்து ஆறிய நீரில் அலசுவார்கள். மலையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் கிருமி சாகவில்லையோ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேள்வி புத்திசாலித்தனமானது, பதில் அதுவல்ல. வித்தாக மாறாத கிருமிகள், இந்த மைக்கோபாக்டீரியம் உட்பட, 92 டிகிரியில் சில நிமிடம் கொதித்தாலே மடிந்துவிடும். வித்துகளோ கடற்கரையில் 100 டிகிரியில் கொதித்தாலும் தப்பும். கொதித்த நேரத்தில் அந்த நீரில் குறையில்லை. பிறகு அது எங்கே தங்கியது என்பதுதான் கேள்வி.

அது தங்கியது குழாய் வைத்த ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில். வெள்ளிக்கிழமை மாலை கொதித்த நீரை ஆறவைத்து அதில் ஊற்றுவார்கள். குறைந்தால் மேலே நிரப்புவார்கள். பாத்திரத்தின் உட்புறம் பளபளவென்றிருந்தது, தினமும் தேய்க்கிறார்கள். குழாயைக் கழற்றச் சொன்னேன். திருகு இறுகிப் போயிருந்ததால் பராமரிப்பு ஊழியர் வந்து குறடு வைத்துத் திருப்பினார். குழாயின் தொண்டைக்குள் விரலை விட்டால், பலாச்சுளையைச் சுற்றிய சடை போல வழவழவென்று ஒரு படலம். வெளிச்சத்தில் இளமஞ்சள் நிறம். அதில் எடுத்த மாதிரியிலும் மைக்கோபாக்டீரியம் அப்சஸஸ் வளர்ந்தது.

நோயாளிகளிடம் இருந்ததும் குழாயில் இருந்ததும் ஒரே வம்சமா என்று சொல்ல மரபணு ஒப்பீடு வேண்டும். அதற்கு எங்களிடம் வழியில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல் நோயாளியின் கருவிகளை மட்டும் அண்ணன் அப்போதுதான் கொதிக்க வைத்து இறக்கிய நீரில் அலசுவாராம். அதிகாலைக் குளிரில் கைக்கு இதமாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆக, முதல் நோயாளிகள் தப்பியது நீண்ட ஊறலாலா, வெந்நீராலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சந்தேகத்துக்குள்ளான ஊறல், நீர் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே நிறுத்தத்தில் இறங்கியிருக்கிறார்கள். இருவரையும் பிடித்து வைப்பதே சரி என்று முடிவு செய்தோம். 2000களில் பிரேசிலில் லேப்ராஸ்கோப்பிக்குப் பின் இதே இனத்துக் கிருமி பெருமளவில் பரவியபோது, 2 சதவீத குளுட்டரால்டிஹைடையே தாங்கி நிற்கும் வகை அங்கே பிடிபட்டது. திரவத்தை மட்டும் நம்பி மீண்டும் தொடங்குவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

பருப்பு

அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோக்ளேவ் இந்த வழக்கில் சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. இனி எல்லாக் கருவியும் நீராவியில்தான் போகவேண்டும் என்று பேசியபோது, ஆய்வகத்திலிருந்து வந்திருந்த நுண்ணுயிரியல் டாக்டர், அப்படியானால் அதையும் ஒருமுறை சோதித்துவிடலாம் என்றார். சோதனைக்கான வித்துக் குப்பி ஒன்றை, அறுவைத் துணிகளை அடைக்கும் டிரம்மின் நடுவில் புதைத்து, வழக்கம் போல 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம் ஓட்டினோம். டிரம்மின் மேல் ஒட்டிய, சூடு பட்டால் நிறம் மாறும் பட்டையில் கறுப்புக் கோடுகள் அழகாக விழுந்தன. ஜியோபாசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, வெப்பத்துக்கு மிகக் கெட்டியான வித்து அந்தக் குப்பியில் இருக்கும். வித்து இறந்திருந்தால் குப்பியின் ஊதா நிறம் மாறாது, பிழைத்திருந்தால் மஞ்சளாகும். மறுநாள் குப்பி மஞ்சளாக இருந்தது.

இயந்திரம் பழுது என்று நினைத்துப் பராமரிப்பு ஊழியரை அழைத்தோம். அவர் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். அழுத்தமானியைக் கழற்றி, தட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். சமையற்கட்டு அக்கா அப்போது எங்களுக்குத் தேநீர் கொண்டு வந்தார். என்ன பிரச்சினை என்று கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்கே பருப்புக்கே கீழ்நாட்டைவிட இரண்டு விசில் கூட விடவேண்டியிருக்கிறது. நீங்கள் துணிக்கு அதே கணக்கு வைத்தால் எப்படி டாக்டர்?"

டாக்டர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் தாளில் கணக்குப் போடத் தொடங்கினார். அழுத்தமானி காட்டுவது உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல. வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும். கடல் மட்டத்தில் வெளிக்காற்றே சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்துகிறது. அதன் மேல் 15 பவுண்டு சேர்ந்தால் நீராவி 121 டிகிரிக்கு வரும். எங்கள் உயரத்தில் வெளிக்காற்று 11 பவுண்டுக்குச் சற்று மேல். அதே 15ஐச் சேர்த்தாலும் நீராவி சுமார் 117 டிகிரியில் நின்றுவிடும். 121ஐத் தொட முள் பதினெட்டரையைக் காட்டவேண்டும். ஆயிரம் அடிக்கு அரை பவுண்டு கூட்டவேண்டும் என்பது பழைய விதி. 7,350 அடிக்கு அதுவும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது.

நான்கு டிகிரிதானே என்று தோன்றும். இந்த வித்துகளைப் பொறுத்தவரை 10 டிகிரி குறைந்தால் பத்து மடங்கு நேரம் வேண்டும். 4 டிகிரி குறைந்தால் இரண்டரை மடங்கு. நாங்கள் 20 நிமிடம் வைத்துக்கொண்டிருந்த இடத்தில் 50 நிமிடம் வைத்திருக்கவேண்டும். பட்டையில் விழுந்த கறுப்புக் கோடு பொய் சொல்லவில்லை. டிரம் சூட்டைப் பார்த்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. போதுமான சூட்டைப் போதுமான நேரம் பார்த்ததா என்று அதற்குத் தெரியாது. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த செயல்முறைத் தாளும் அப்படித்தான். எங்கோ சமவெளியில் அச்சடித்தது, நாங்கள் எழுத்துப் பிசகாமல் பின்பற்றியது. இதனால் யாருக்கும் தொற்று வந்ததற்குத் தடயம் இல்லை. சோதனை வித்தைவிட மென்மையான கிருமிகளே துணியில் இருந்திருக்கும், 117 டிகிரியில் அவை பெரும்பாலும் மடிந்திருக்கும். அதை எங்கள் திறமைக் கணக்கில் எழுத முடியாது.

முள்ளைப் பதினெட்டரைக்கு ஏற்றிவிடலாம் என்று உடனே ஒருவர் சொன்னார். பாய்லர் பார்த்தவர்தான் தடுத்தார். அந்த இயந்திரத்தின் பாதுகாப்பு வால்வு 18ஐத் தொடுமுன்பே நீராவியை விட்டுவிடும். வால்வை இறுக்கிக் கட்டினால் பானை வெடிக்கும். அதனால் புது இயந்திரம் வரும் வரை அழுத்தத்தைத் தொடாமல் நேரத்தை 50 நிமிடமாக்கினோம். டிரம்மில் துணியை நெருக்கி அடைப்பதையும் நிறுத்தினோம். அடுத்த மூன்று குப்பிகளும் ஊதாவாகவே இருந்தன. மூடுபனிக் காலத்தில் துணி காயாமல் ஈரத்தோடு டிரம்முக்குள் போவது தனிப் பிரச்சினை. ஈரமாக வெளியே வரும் பொதி கிருமி நீக்கப்பட்டதாகக் கணக்கில் வராது. அதற்காக ஒரு உலர்த்தும் அறை கேட்டு எழுதியிருக்கிறேன். கோப்பு நகர்கிறது.

பிறகு

காசநோய் மாத்திரை நிறுத்தப்பட்டது. நால்வருக்கும் கட்டியை வெட்டி எடுத்து, கிளாரித்ரோமைசின் மாத்திரையும் அமிக்காசின் ஊசியும் தொடங்கினோம். கிளாரித்ரோமைசினுக்கு இந்தக் கிருமி முதலில் பணிந்துவிட்டுப் பிறகு முரண்டு பிடிக்கும் வழக்கம் உண்டு என்பதால், ஆய்வகம் 14 நாள் வரை வைத்துப் பார்த்துத்தான் அது கேட்கும் என்று சொன்னது. அமிக்காசின் காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கக்கூடியது. இரத்தப் பரிசோதனை, செவித்திறன் பரிசோதனை எல்லாம் கூடவே வந்தன. தோட்டத் தொழிலாளிக்கு ஊசிக்காக ஒரு நாள் கூலி ஒவ்வொரு முறையும் போனது. தோட்டத்து மருந்தகத்திலேயே ஊசி போட ஏற்பாடு செய்ய எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதை முதல் நாளே செய்திருக்கலாம்.

நால்வரையும் அழைத்து நடந்ததைச் சொன்னோம். நிர்வாகம் தயங்கியது, மருத்துவரும் தயங்கினார். கடைசியில் அவரே பேசினார். செலவை மருத்துவமனை ஏற்றது. காரட் விவசாயி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எனக்குப் பிறகு யாருக்காவது வந்ததா?" வரவில்லை என்று சொல்ல முடிந்தது.

நடுவில் 20 நிமிட ஊறல் ஒழிந்தது. பிரிக்க முடியாத பிடிகருவிகள் ஒழிந்தன. நீராவியைத் தாங்கும் கருவிகள் எல்லாம் நீராவிக்கே போகின்றன. தாங்காத ஒன்றிரண்டு இரவு முழுதும், ஹீட்டர் வைத்த அறையில் ஊறுகின்றன. அறைக்கு ஆவியை இழுக்கும் விசிறி உண்டு, தட்டுக்குள் வெப்பமானி உண்டு. அலசுவதற்கு மூடி முத்திரையிட்ட கிருமி நீக்கிய நீர். இதனால் சனிக்கிழமைப் பட்டியல் இரண்டாகச் சுருங்கியது. மருத்துவருக்கு வருத்தம், இரண்டு அறுவைக்காக அத்தனை கொண்டை ஊசி வளைவுகளா என்று கேட்டார். இரண்டாவது கருவித் தொகுதி வாங்க ஒன்பது மாதம் பிடித்தது. அதுவரை சிலர் கீழே இறங்கிக் கோயம்புத்தூரில் செய்துகொண்டார்கள்.

அந்த எவர்சில்வர் பாத்திரம் நல்ல கனம். வீணாக்க வேண்டாமென்று சமையற்கட்டுக்கு அனுப்பினோம். அக்கா வாங்க மறுத்துவிட்டார். புது ஆட்டோக்ளேவில் வெப்பம் பச்சை எழுத்தில் 121 என்று ஒளிர்கிறது. அண்ணன் இன்றும் முதலில் பவுண்டு முள்ளைத்தான் பார்க்கிறார். பதினெட்டரைக்கு நேராக அவரே சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.